அந்தப் பன்னிருவர் யார்?



பழங்கவிதைகளின் புதிய மொழிபெயர்ப்புகளைப் பற்றியும், அவற்றோடு கைகோத்து நடக்கும் இக்காலக் கவிதையைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அரசியல் மன்றத்துக்கு ஏற்ற பொருள்தானா இது என்று சிலர் ஐயுறக்கூடும். விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது. இவற்றை விடுத்து, என்றோ பாடிய கிரேக்கக் கவிஞனை இங்கே இழுத்துவருவானேன் என்று கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆனால், ஒரு மனிதனை எந்தப் பெயரிட்டு அழைப்பது என்பதைவிடப் பெரிய அரசியல் உண்டா, தோழர்களே? ஒருவனைத் தாழ்த்த நினைப்பவன் முதலில் தடியைத் தேடுவதில்லை, சொல்லைத் தேடுகிறான். ஆகவேதான், ஒரு சொல்லின் கதையை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்த காவியம் ‘ஒடிசி’. பாடியவர் ஹோமர் என்பது மரபு. டிராய் நகரப் போர் முடித்து, கடலெல்லாம் அலைந்து, இருபது ஆண்டுகள் கழித்துத் தன் தீவாகிய இதாக்காவுக்குத் திரும்புகிறான் ஒடிசியஸ். அவன் இல்லாத வீட்டில், அவன் மனைவி பெனிலோப்பை மணக்க விரும்பி நூற்றுக்கு மேற்பட்ட செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வந்து குந்தியிருக்கின்றனர். அவன் ஆடுமாடுகளை அடித்துத் தின்றுகொண்டிருக்கின்றனர். வந்தவன் வில்லை வளைக்கிறான். அத்தனை பேரையும் கொன்று குவிக்கிறான். இவ்வளவும் எல்லோரும் அறிந்த கதை. வீரக் கதை என்று பள்ளியிலே படித்த கதை.

பின்னர் நடந்ததைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவ்வீட்டில் அடிமைப் பெண்கள் ஐம்பதின்மர். அவர்களுள் பன்னிருவர் மணவேட்பாளரோடு உறவு கொண்டவர் என்று குற்றம் சாட்டப்படுகின்றனர். வழக்கு இல்லை, வாக்குமூலம் இல்லை. பிணங்களை அவர்களே தூக்கி வெளியே போட வேண்டும். இரத்தம் படிந்த மேசைகளையும் நாற்காலிகளையும் அவர்களே கழுவித் துடைக்க வேண்டும். வேலை முடிந்ததும், கப்பற் கயிற்றில் வரிசையாகத் தூக்கிலிடப்படுகின்றனர். தூக்கிலிடுபவன் ஒடிசியசின் மகன் டெலிமாக்கஸ். வலையில் சிக்கிய பறவைகளைப்போல அவர்கள் துடித்து அடங்குவதை ஹோமர் பாடுகிறார். வீட்டைச் சுத்தம் செய்யும் வரை அவர்கள் உயிர் தேவைப்பட்டது. சுத்தமான பிறகு தேவைப்படவில்லை!

யார் இந்தப் பன்னிருவர்? இங்கேதான் மொழிபெயர்ப்பு தன் வேலையைக் காட்டுகிறது.

கிரேக்க மூலம் இவ்வீட்டுப் பெண்களை அடிமைகள் என்றே குறிக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றிலோ அவர்கள் பணிப்பெண்கள் ஆனார்கள், ஏவலர் ஆனார்கள். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! பணிப்பெண் என்றால் கூலி உண்டு. பிடிக்காவிட்டால் விலகிப்போக வழி உண்டு. ஆனால், ஒடிசியசை வளர்த்த செவிலி யூரிக்கிளியாவையே இருபது எருதுகளின் விலை கொடுத்து வாங்கினார்கள் என்று அக்காவியமே சொல்கிறது. விலைக்கு வாங்கிய உயிரைப் பணிப்பெண் என்று அழைப்பது, விலங்கை வளையல் என்று அழைப்பதாகும்.

அதோடு நிற்கவில்லை. டெலிமாக்கஸ் அவர்களைத் தூக்கிலிடும் முன் பேசுமிடத்தில், மூலத்திலே வசைச்சொல் இல்லை. இன்னின்னது செய்த பெண்கள் என்ற சுட்டு மட்டுமே உண்டு. புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் ராபர்ட் ஃபேகில்ஸ் 1996-இல் வெளியிட்ட ஆங்கில ஒடிசியில், அவ்விடத்தில் வேசியர் என்று பொருள்படும் சொல் ஏறி அமர்ந்துகொண்டது. அவர் பெரும்புலமை வாய்ந்தவர். அவர் நூலை இலட்சக்கணக்கானோர் விரும்பிப் படித்தனர். அதனால்தான் சொல்கிறேன்: தவறு திறமைக் குறைவால் நேர்வதில்லை, பழக்கத்தால் நேர்கிறது. கொல்லப்படும் பெண் கெட்டவளாகத்தான் இருப்பாள் என்னும் பழக்கம்!

2017-இல் எமிலி வில்சன் என்னும் பேராசிரியர் ஒடிசியைப் புதிதாக ஆங்கிலத்தில் தந்தார். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிபவர். ஜார்ஜ் சாப்மன் 1615-ஐ ஒட்டி முழு ஒடிசியையும் ஆங்கிலமாக்கிய நாள் முதல் நானூறு ஆண்டுகள் கடந்த பிறகு, ஒரு பெண்மணி ஆக்கிய முழுமையான ஆங்கில ஒடிசி அச்சேறியது அப்போதுதான். 12,000-க்கு மேற்பட்ட அடிகள். மூலத்தில் எத்தனை அடிகளோ அத்தனை அடிகளிலேயே, எளிய ஆங்கிலத்தில் எழுதினார். அடிமையை அடிமை என்றே அழைத்தார். அந்தப் பன்னிருவரைப் பெண்பிள்ளைகள் என்று குறித்தார். அவ்வளவுதான் செய்தார். ஆயினும், அந்தத் தூக்குக்கயிறு அதுவரை தோன்றாத வடிவில் படிப்போர் கண்ணுக்குத் தோன்றியது.

காலத்துக்கேற்பக் காவியத்தை வளைப்பதாகாதா இது என்று கேட்பவர் உண்டு. கேள்வி மதிக்கத்தக்கது, விடை காவியத்திலேயே இருக்கிறது. தூக்கு நடக்கும் அதே இருபத்திரண்டாம் பகுதியில், வில்லேந்திய ஒடிசியஸ் மணவேட்பாளரைப் பார்த்து, என் வீட்டு அடிமைப் பெண்களை வலிந்து கூடினீர்கள் என்று குற்றஞ்சாட்டுகிறான். வலிந்து என்று சொன்னவன் அவன்! வேறோர் இடத்தில், அப்பெண்கள் சிலர் சிரித்துக்கொண்டே அவர்களிடம் சென்றதாகவும் வருகிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. விலைக்கு வாங்கப்பட்டவளின் சிரிப்பு விருப்பமா, வேறு வழியின்மையா என்பதைப் படிப்பவர் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிப் பார்க்க இடம் தரவேண்டும். அதற்கு முன்பே தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

ஹோமர் அடிமை முறையை எதிர்த்தவர் என்று நான் கூறவில்லை. எமிலி வில்சனும் அப்படி ஆக்கிக்காட்டவில்லை. இல்லாத இரக்கத்தைச் சேர்ப்பதும் பொய்; இருக்கும் கொடுமையைப் பூச்சூட்டி மறைப்பதும் பொய். காவியத்தில் இன்னொரு பெண் வருகிறாள். இரவெல்லாம் திரிகை சுற்றி மாவரைக்கும் பன்னிருவருள் ஒருத்தி. மற்றவர் வேலை முடித்து உறங்க, வலுவில்லாத அவள் மட்டும் விடியுமுன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். மணவேட்பாளர் உண்ணும் கடைசி விருந்து இன்றைய விருந்தாகட்டும் என்று தெய்வத்தை வேண்டுகிறாள். அவளுக்குக் காவியம் பெயரிடவில்லை. ஆனால் குரல் தந்திருக்கிறது. அந்தக் குரல் நம் காதுக்கு எட்டுமா எட்டாதா என்பது மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கிறது.

இனி, இதற்கும் புதுக்கவிதைக்கும் என்ன தொடர்பு?

1816-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இலண்டன் நகரில் ஓர் இருபது வயது இளைஞர் நண்பர் வீட்டில் இரவு முழுதும் சாப்மனின் ஹோமரைப் படித்தார். வாடகைக் குதிரை லாயக்காரர் மகன், பல்கலைக்கழகம் போகாதவர், கிரேக்கம் அறியாதவர், மருத்துவத் தொழில் பயின்றவர். பெயர் ஜான் கீட்ஸ். விடிந்ததும் அந்த வியப்பையே பதினான்கு அடிக் கவிதையாக்கி நண்பருக்கு அனுப்பினார். அக்கவிதை இன்றும் வாழ்கிறது. 1818-இல் மேட்டுக்குடித் திறனாய்வாளர்கள், மருந்துக் கடைக்கே திரும்பிப் போ என்று அவரை எள்ளினர். கடைக்காரனுக்குக் காவியம் எதற்கு என்பதே அவர்கள் கேள்வி. மொழிபெயர்ப்பு என்ற கதவு திறந்திராவிட்டால், கீட்ஸ் வாசலிலேயே நின்றிருப்பார்.

கரீபியக் கடலில் செயின்ட் லூசியா என்றொரு சிறு தீவு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் வாழும் தீவு. அங்கே பிறந்த டெரெக் வால்காட் 1990-இல் ‘ஒமெராஸ்’ என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். அதில் அக்கிலீசும் ஹெக்டரும் மன்னர்களல்லர், ஏழை மீனவர்கள். ஹெலன் அரசியல்லள், பிறர் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண். 1992-இல் அவருக்கு இலக்கிய நோபல் பரிசு வந்தது. கானடா நாட்டு மார்கரெட் அட்வுட், 2005-இல் எழுதிய ‘பெனிலோப்பியாட்’ என்னும் சிறு நாவலில், தூக்கிலிடப்பட்ட பன்னிருவரையே பாடவும் பேசவும் வைத்தார். பழைய ஏட்டில் வாய்மூடிக் கிடந்தவர்கள், புதிய ஏட்டில் வழக்காட வந்துவிட்டார்கள்!

தோழர்களே! கிரேக்கரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம்மை நாம் பாராமல் இருக்கலாமா? பட்டினப்பாலையில் ‘கொண்டி மகளிர்’ என்றொரு தொடர் வருகிறது. மாலை நேரத்தில் அணையா விளக்கேற்றும் பெண்கள். பகைவர் நாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர் என்று உரை கூறுகிறது. மதுரைக்காஞ்சியிலும் அதே தொடர் வருகிறது. அங்கே அதற்குப் பரத்தையர் என்று பொருள். இடம் வேறு, சூழல் வேறு. உரையாசிரியரைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், சிறைபட்டவளுக்கும் பரத்தைக்கும் ஒரே பெயர் எப்படி வாய்த்தது என்று ஒரு கணம் நின்று கேட்க வேண்டாமா? நம் பழம்பாடல்களை இன்றைய தமிழில் தருவோரும், ஆங்கிலத்தில் தருவோரும் அந்தத் தொடரை வெறும் அழகுத் தொடராகக் கடந்து போகலாமா?

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. நம் படிப்பகங்களில் பழங்கவிதைகளின் புதிய பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் வந்து சேரட்டும். அவற்றைப் புலவர் பொருள் என்று ஒதுக்காதீர்கள். முடிந்தால் ஒரு பாடலுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து உரக்கப் படியுங்கள். எந்த இடத்தில் அவை வேறுபடுகின்றன என்று விரல் வைத்துப் பாருங்கள். அரசனைப் பற்றிய இடத்தில் பெரிதும் வேறுபடா. அரசன் வீட்டு அடுக்களையில் வேறுபடும்!

அந்த இடத்தில் நின்று கேளுங்கள்: இவர்கள் யார்? விளக்கேற்றியவள் யார்? மாவரைத்தவள் யார்? கயிற்றில் தொங்கிய பன்னிருவர் யார்? 2,700 ஆண்டுகளாக அவர்கள் மறுமொழிக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களைச் சரியான பெயரிட்டு அழைக்கும் கடமையேனும் நமக்கு உண்டு.