பேச்சுவார்த்தைக்குக் கணக்கோடு போவோம்

(பனமரத்துப்பட்டியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

கோரிக்கை கொடுத்தாயிற்று. இனிப் பேச்சுவார்த்தை. நிர்வாகத்தின் பக்கம் கணக்கர் கம்ப்யூட்டரோடு உட்காருவார். நம் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒற்றுமை இருக்கிறது. கணக்கு இருக்கிறதா?

1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இப்படிப் பட்டினி கிடந்து பெறுவதை ஒப்பந்தத்தின் ஒரு வரியில் பறிகொடுக்கலாமா?

2021ல் அதே திருப்பூரில் நான்காண்டுக்கு 32 சதவிகித உயர்வு ஒப்பந்தமாயிற்று. முதலாண்டு 19, பிறகு 5, 4, 4. நம்மிடம் ஒரு நிர்வாகம், “ஆண்டுக்கு 8 வீதம் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் 32தானே?” என்றால் என்ன சொல்வோம்?

நாள் கூலி 400 ரூபாய் என்று வையுங்கள். சதவிகிதம் பழைய கூலி மீதே. திருப்பூர் முறையில் தினசரி உயர்வு 76, 96, 112, 128 ரூபாய். எட்டு எட்டாக என்றால் 32, 64, 96, 128. மாதம் 26 நாள் வேலைக்கு, நான்காண்டில் ஒரு தொழிலாளி இழப்பது 28,704 ரூபாய். 500 பேருக்கு 1 கோடியே 43 லட்சத்து 52 ஆயிரம்! சதவிகிதம் ஒன்றுதான், பணம் ஒன்றல்ல.

இன்னொரு விஷயம். ஆண்டுக்கு 8 வீதம் பழைய கூலி மீது என்றால் கடைசியில் 528 ரூபாய். ஏறிய கூலி மீது என்றால் 544. ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை நொடியில் போடுவதுதான் எக்செல் போன்ற கணக்குத்தாள். 1979ல் தனிநபர் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் தாளான விசிகால்க், ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர் டான் பிரிக்ளினின் யோசனை. நிர்வாகிகள் படிக்கும் பள்ளியில் பிறந்தாலும் அது யாருக்கும் கணக்குப் போடும். லிப்ரே ஆபீஸ் இலவசம். செல்போனிலும் தாள் உண்டு.

செய்ய வேண்டியது மூன்று.

முதல் தாள்: ஒரு வரிக்கு ஒரு தொழிலாளி. பிரிவு, சர்வீஸ், அடிப்படைக் கூலி, பஞ்சப்படி, பிடித்தம். சம்பளச் சீட்டைப் பார்த்தே எழுதுங்கள், வாய்க்கணக்கு வேண்டாம்.

இரண்டாம் தாள்: சதவிகிதத்துக்கு ஒரே கட்டம். அதில் 8ஐ 10 ஆக்கினால் எல்லார் கூலியும், மொத்தச் செலவும் தானே மாற வேண்டும்.

மூன்றாம் தாள்: தேதி, நாம் கேட்டது, அவர்கள் சொன்னது, அதன் ரூபாய் மதிப்பு. “அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லையே” என்ற பேச்சுக்கு இடமிராது.

எந்த அளவுக்குக் கீழே இறங்கமாட்டோம் என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். அந்த எண் நிர்வாகத்துக்குக் காட்டும் தாளில் இருக்கக் கூடாது.

அரளி பறிக்கும் தாய்மார்களே! உங்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. ஆகவே தேதி, போன நேரம், வந்த நேரம், பறித்த எடை, கிடைத்த கூலி, பஸ் செலவு இவற்றை அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். ஒரு மாதக் கணக்கு சேர்ந்தால் மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்று தாள் சொல்லும். கூலி பேசும்போது அதை எடுத்து வையுங்கள்.

தோழர்களே! தாள் கூலியை உயர்த்தாது. அதை உயர்த்துவது உங்கள் ஒற்றுமை. ஆனால் உயர்ந்தது எவ்வளவு என்பதில் நாம் ஏமாறாமல் தாள் காக்கும். படித்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சம்பளச் சீட்டுகளோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். வேலையைத் தொடங்குவோம்!