அந்தக் கறுப்பு உரியுமா?

திண்டிவனத்துலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. விழுப்புரம் பாத்திரக் கடையில 'ஹார்டு அனோடைஸ்டு'ன்னு ஒரு கறுப்புக் கடாய் காட்டினாங்களாம். வெள்ளை அலுமினியத்தை விட விலை ரொம்ப ஜாஸ்தி. அந்தக் கறுப்பு உரிஞ்சு குழம்புல கலக்காதான்னு அவங்களுக்குச் சந்தேகம்.

அது பெயின்ட் இல்லைங்க. அலுமினியப் பாத்திரத்தைக் குளிரவைத்த கந்தக அமிலத் தொட்டியில இறக்கி மின்சாரம் பாய்ச்சுவாங்க. மேல்பரப்பே அலுமினியம் ஆக்சைடா மாறிடும். மாணிக்கக் கல்லும் அடிப்படையில அலுமினியம் ஆக்சைடுதான்னா பார்த்துக்கோங்க! அதனால கரண்டி பட்டா சுலபத்துல கீறாது. (உள்ளே நான்ஸ்டிக் பூசினதும் இதே பேர்ல விக்குது. அந்தப் பூச்சு உரியும், கேட்டு வாங்குங்க.)

நம்ம வீட்டுல புளியும் தக்காளியும் இல்லாத நாள் எது? சாதாரண அலுமினியத்துல புளிக்குழம்பு வச்சா உலோகம் கொஞ்சம் கொஞ்சமா அதுல கரையும். ராத்திரி முழுக்க அதுலயே விட்டா இன்னும் அதிகம். இந்த ஆக்சைடு படலம் அதைப் பெருமளவு தடுக்குது. சூடும் சீரா பரவும். மெல்லிசு எவர்சில்வர் மாதிரி நடுவுல மட்டும் அடிப்பிடிக்காது.

ஆனா சோடாக்காரம் போட்டுத் தேய்ச்சா படலம் அரிச்சுப் போயிடும். இன்டக்‌ஷன் அடுப்பு வச்சிருக்கீங்களா? சட்டியோட அடியில காந்தம் ஒட்டுதான்னு கடையிலயே பாருங்க, ஒட்டலைன்னா சூடாகாது.

அக்கா, இப்ப வாங்க முடியலைன்னா புளிக்குழம்பை மட்டும் மண்சட்டிக்கு மாத்துங்க. பழைய அலுமினியத்துல சோறு வடிக்கலாம், பயப்படாதீங்க.