'பப்ளிக்' என்னும் பெயரடை

(பாலக்கரையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



ஆங்கிலம் பற்றி ஏதேனும் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். ஒரேயொரு பெயரடையை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'பப்ளிக்' என்பது அச்சொல். ஒருமுறை என் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "பப்ளிக் எக்ஸாம் என்றால் ஊரார் எல்லாரும் எழுதலாமா, ஐயா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. சரியான கேள்வி என்று சொல்லி அவனை அமர்த்தினேன். விடை கூற எனக்கே ஒரு வாரம் ஆயிற்று.

மக்கள் எனப் பொருள்படும் 'பாப்புலஸ்' என்னும் இலத்தீன் சொல்லோடு உறவுடையது இது. உரோமாபுரியில் அடிமைகள் அந்த மக்களுள் எண்ணப்பட்டவர் அல்லர். ஆகப் பிறந்த அன்றே இச்சொல்லுக்கு ஒரு வேலி இருந்தது. நம் 'பொது' மட்டும் என்ன? தில்லை அம்பலத்திற்கும் பொது என்று பெயர் உண்டு. அந்தப் பொதுவைக் காண விழைந்த நந்தனார் ஊர் எல்லையையே சுற்றிச் சுற்றி வந்ததாகத்தான் பெரிய புராணம் கூறுகிறது.

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் பெருஞ்செல்வர் பிள்ளைகள் பயிலும் தனியார் பள்ளி. 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டன் பள்ளியை நிறுவியபோது எழுபது ஏழை மாணவர்க்கு இலவசக் கல்வி என்பதே ஏற்பாடு. எவ்வூர்ப் பிள்ளையும் சேரலாம் என்பதால் வந்த பெயர் நிலைத்துவிட்டது, ஏழைகள்தாம் நிலைக்கவில்லை. 'பப்ளிக் லிமிடெட்' கம்பெனி என்பதும் மக்களுக்குச் சொந்தமானதன்று. பங்குகளை மக்களிடம் விற்கலாம், அவ்வளவே. பொது மயானம் என்பது பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவரை நீங்கள் அறிவீர்கள்.

இனி நம் வரலாற்றுக்கு வருகிறேன். 1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, பொதுத் தெரு, பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் நடமாடவும் புழங்கவும் தடையில்லை என்பது அதன் சாரம். செப்டம்பரில் அரசாணையும் வந்தது. அத்தீர்மானத்தின் பாரத்தையெல்லாம் 'பப்ளிக்' என்ற ஒரு பெயரடையே தாங்கி நின்றது.

நான் பிறந்த ஊரில் கிணற்றுச் சுவரில் 'பொதுக் கிணறு' என்று கரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி நான் படித்த முதற்சொற்களுள் அதுவும் ஒன்று. என் தாயார் குடத்துடன் பத்தடி தள்ளி நிற்பார்கள், யாரேனும் மனமிரங்கி இறைத்து ஊற்றும் வரை. "பொது என்றுதானே அம்மா எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். "படிச்சது போதும், குடத்தைப் பிடி" என்றார்கள். அது 1970களின் இறுதி. அரசாணை பிறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

எதிர்த்தரப்பினர் இச்சொல்லின் வலிமையை நம்மைவிட நன்கு அறிந்திருந்தனர். மகாத் நகரின் சௌதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகினார். அவ்வாண்டு டிசம்பரில் எதிர்த்தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். தீண்டாமை நல்லது என்று அங்கே வாதிட்டால் எடுபடாது என எண்ணினர் போலும். குளம் பொதுக்குளமே அன்று, தனியார் சொத்து என்று வழக்காடினர். ஒரு பெயரடைக்காகப் பத்தாண்டு வழக்கு! 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அண்ணல் தரப்பு வென்றது.

அந்தப் பட்டறிவு அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் தெரிகிறது என்பது என் கருத்து. கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லி, அரசுப் பணத்தில் முழுதுமோ ஓரளவோ பராமரிக்கப்படுபவை அல்லது மக்கள் பயன்பாட்டிற்கென ஒப்படைக்கப்பட்டவை என்று வரையறுத்திருக்கிறார்கள். பெயரடையைத் தனியே விட்டுவைக்க அவர்கள் துணியவில்லை.

சொத்து, நுழைவு என்னும் இருபொருள் போக, பார்வை என்றொரு பொருளும் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால் அது 'பப்ளிக் வியூ' எல்லைக்குள், அதாவது பிறர் காணும்படி, நடந்திருக்க வேண்டும். தனியார் வீட்டு முற்றமே ஆனாலும் சாலையில் செல்வோர் கண்ணுக்குப் படுமாயின் அது இதில் அடங்கும் என 2008இல் உச்சநீதிமன்றம் கூறியது. அடுத்ததைக் கவனியுங்கள். நம் மாவட்டத்து லால்குடி வழக்கு; தீர்ப்பு நாள் 2025 ஜனவரி 31. பட்டா தொடர்பாக வந்த ஒருவர், வருவாய் ஆய்வாளரை அவருடைய அலுவலக அறையிலேயே சாதிப்பெயர் சொல்லித் திட்டினார் என்பது புகார். உடன் பணிபுரிவோர் பின்னரே வந்தனர் என்று புகாரிலேயே இருந்தது. நான்கு சுவருக்குள் நடந்தது 'பப்ளிக் வியூ' ஆகாது என்று வழக்கு நீக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். தனியாரின் முற்றம் 'பப்ளிக்' ஆகிறது. பொது ஊழியர் பொதுப் பணி செய்யும் அரசு அறை ஆகவில்லை. தீர்ப்பைக் குறை கூற நான் சட்டம் பயின்றவன் அல்லன். ஆனால் புகார் எழுதும்போது யார் இருந்தார், எப்போது வந்தார், கதவு திறந்திருந்ததா என்னும் மூன்று வரிகளை விட்டுவிட்டால், சொல்லின் பொருள் நமக்கு எதிராக நிற்கும் என்பதை ஓர் ஆங்கில ஆசிரியனாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தேர்வைப் பற்றிக் கேட்ட மாணவனுக்கு, "எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாள், உன் பெயர் அறியாதவர் திருத்துவார், அதனால் அது பப்ளிக்" என்று கூறினேன். அவனுக்கு அது பிடித்திருந்தது.

லால்குடித் தீர்ப்பின் ஆங்கிலப் படிகள் இருபது கொண்டுவந்திருக்கிறேன். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் உணவு இடைவேளையில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம்.