கம்பி அறுந்தபின் கூடைப்பந்தாட்டம்



அமெரிக்காவில் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டத்தை வீட்டிலிருந்தே காண்பதற்கு நெடுங்காலம் கேபிள் இணைப்பொன்றே போதியதாயிருந்தது. மாதக் கட்டணம் ஏறவே, மக்கள் அவ்விணைப்பைத் துண்டித்து இணையவழிச் சேவைகளை நாடினர். ஆட்டங்களும் சிதறின. தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் நாடளாவிய ஒளிபரப்பை 2025ஆம் ஆண்டுப் பருவம் முதல் டிஸ்னி, என்.பி.சி., அமேசன் ஆகிய மூன்றும் 11 ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக்கொண்டன.

இதிலொரு விந்தை கேளுங்கள். அச்சங்கத்தின் 'லீக் பாஸ்' சேவைக்குப் பணங்கட்டியவர், தொலைவூர்க் குழுக்களின் ஆட்டங்களிற் பெரும்பாலானவற்றைக் காணலாம். தம் ஊர்க் குழு ஆடுவதை மட்டும் நேரலையிற் காணவியலாது. உள்ளூர் உரிமை வேறொருவருக்கு விற்கப்பட்டிருப்பதே காரணம். கோயில் வீதியிற் குடியிருப்பவருக்குத் தேர் காண விலக்கு என்றால் நாம் பொறுப்போமா?

2023இல், பல குழுக்களின் உள்ளூர் ஒளிபரப்பை நடத்திவந்த டயமண்ட் நிறுவனம் கடன்சுமையால் நீதிமன்றத்தை நாடிற்று. அவ்வாண்டிலேயே அரிசோனாவின் பீனிக்ஸ் சன்ஸ் குழு, தன் உள்ளூர் ஒளிபரப்புக்குரிய ஆட்டங்களைக் கட்டணமின்றி வானலையில் விட்டது. விரும்பிய ரசிகர்களுக்கு அன்ரெனாவும் இலவசமாய் வழங்கியது. கேபிள் வந்தபோது பலர் கூரையிலிருந்து இறக்கிய அதே பொருள்! வானொலியிற் பேசும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தந்ததை மறைப்பானேன்?