விட்டுவைத்த வெள்ளை



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'திறப்புரை' என்று போட்டிருக்கிறார்கள். நாடா வெட்டியாயிற்று, விளக்கும் ஏற்றியாயிற்று, திறப்பதற்கு எனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கண்காட்சிக்குப் பிள்ளைகளின் படங்களைத் தெரிவுசெய்து சுவரில் மாட்டியவள் என்ற முறையில் ஒரு கணக்கு மட்டும் ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது. சற்று முன்னர் வாசலில் ஒரு தாய் என்னை மறித்துக் கேட்டார்: "என்ன ரீச்சர், ஒளி எண்டு தலைப்பை வச்சிட்டு மண்டபத்தை இப்பிடி இருட்டாக்கி வச்சிருக்கிறீங்கள்?" நியாயமான கேள்வி. அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருக்குச் சொல்லும் பதிலை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஒளி' என்று தலைப்பைக் கொடுத்து முதலில் சேர்ந்த படங்களை என் வீட்டு மேசையில் அடுக்கிப் பார்த்தேன். குத்துவிளக்கு, குத்துவிளக்கு, இரண்டு மலைக்கு நடுவே சூரியன், மறுபடி குத்துவிளக்கு, திறந்த புத்தகத்திலிருந்து மஞ்சள் கதிர் கிளம்பும் படம். கொட்டாஞ்சேனையில் எந்த இரண்டு மலைக்கு நடுவே பிள்ளை சூரியனைக் கண்டது? பிள்ளைகளில் பிழை இல்லை. பரிசு எதற்குக் கிடைக்கும் என்று போட்டிகள் அவர்களுக்குப் பழக்கிவிட்டன. அவர்களைப் பழக்கிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

அதனால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டேன். நேற்று இரவு நித்திரைக்குப் போகுமுன் கடைசியாகக் கண்ட வெளிச்சம் எது?

அதற்குப் பிறகு வந்தவைதான் உள்ளே இருக்கின்றன. நடுச்சாமத்தில் ஃபிரிஜ் கதவைத் திறந்த அப்பாவின் முகம். தடுப்புச் சுவரில் முழங்காலை மடக்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு மேலே வெள்ளவத்தைக் கரையோரம் போகும் இரவு ரயிலின் யன்னல்கள், ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் சதுரங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மெழுகுதிரிகளை ஒரு பிள்ளை வரைந்திருக்கிறது. ஆனால் சுடரை வரையவில்லை. உருகிப் படிந்த மெழுகைத் தகட்டால் சுரண்டி எடுக்கும் ஒரு கையை வரைந்திருக்கிறது. பதின்மூன்று வயது. அந்தக் கையை எத்தனை நாள் பார்த்திருக்கும் என்று யோசித்தேன்.

வெசாக் தோரணத்தை வரைந்த பிள்ளையின் வேலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தாள் முழுவதும் பஸ்டலைச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பூசி, அதன்மேல் கறுப்பு இந்தியன் இங்க் தடவி, காய்ந்த பிறகு ஊசியால் சுரண்டியிருக்கிறாள். ஒவ்வொரு மின்குமிழும் ஒரு சுரண்டல். மேலே பூசிய கறுப்பை நீக்கினால்தான் அங்கே வெளிச்சம். வெசாக் நாள் அரச விடுமுறையாகி, பௌத்தக் கொடி முதன்முதலில் 1885ஆம் ஆண்டு ஏற்றப்பட்டது கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயத்தில். அந்த விகாரைக்கும் சென் லூசியாஸ் பேராலயத்துக்கும் இடையே புத்தகப்பை தூக்கி நடக்கிற பிள்ளைதான் அவள்.

நீர்வர்ணம் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அதில் வெள்ளை என்பது தாள்தான். வர்ணப்பெட்டியில் வெள்ளைக் குழாய் இருக்கும். என் வகுப்பில் முதல் நாளே அதை வாங்கி அலுமாரிக்குள் பூட்டிவிடுவேன். பிள்ளைகள் ஏசுவார்கள், எனக்குத் தெரியும். வெளிச்சம் எங்கே விழப்போகிறது என்று தூரிகையைத் தொடுமுன்பே தீர்மானித்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். ஒருமுறை பூசிவிட்டால் அந்த வெள்ளை போனது போனதுதான். படத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள இருட்டைத்தான் வரைய வேண்டியிருக்கிறது.

எனக்கு இது பள்ளியில் படித்துத் தெரிந்ததல்ல. 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது நான் சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் பொன் விலை. அரிக்கன் லாம்பு கட்டுப்படியாகாது என்று ஜாம் போத்தல் விளக்கு வந்தது. அடியில் கொஞ்சம் எண்ணெய், ஒரு சின்னத் திரி, போத்தலே சிமினி. அது கொப்பியில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் தரும். அந்த வட்டத்துக்குள் அம்மாவின் விரல்கள் மட்டும் தெரியும். முகம் வெளியே இருக்கும். அம்மாவின் கையை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் வரைய முடியும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இருட்டு எங்கே தெரியும் என்று அலட்சியமாக நினைத்திருந்தேன். 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்துபோனேன். அச்சடிக்கத் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்த மாதம் அது. இப்போது ஆண்டு ஒன்பதில் இருக்கும் ஒரு பையன் அந்த நாட்களைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து வைத்திருந்தான். மாட்டும்போது கலண்டர்ப் பக்கமும் தெரியட்டும் என்று கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றுக்குத் திரும்பும்.

இனி மாட்டிய கதை. முந்தாநாள் எல்லாப் படத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி முடித்து, பிளேன்ரீ குடித்துக்கொண்டு பெருமையாக நின்றேன். நாலரை மணி ஆனது. இந்த மண்டபம் இருக்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கே கடல்; பின்னேர வெயில் குழாய்க்குள் வருவதுபோல நேரே வந்து விழும். யன்னலால் வெயில் வந்தது. எதிர்ச்சுவரில் படம் ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணாடி. ஒவ்வொன்றிலும் பிளேன்ரீக் கோப்பையோடு நான்தான் நின்றேன். ஒளியைப் பற்றிக் கண்காட்சி வைத்த ஆள் சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்க்க மறந்துவிட்டாள்.

அன்றிரவே சட்டங்களைக் கழற்றினோம். புறக்கோட்டையில் கறுப்புத் துணி வாங்கி யன்னல்களை மூடினோம். நீர்வர்ணத்துக்குப் பெரிய அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் கொடுக்கின்றன. வெளியே உச்சிவெயிலில் அது ஒரு இலட்சத்தைத் தொடும். கூடிய வெளிச்சம் வர்ணத்தைத் தின்றுவிடும். ஆகவே அம்மா, இருட்டாக்கியதற்கு முதல் காரணம் உங்கள் மகளின் படம் வெளிறாமல் உங்கள் கையில் திரும்பி வரவேண்டும் என்பது.

இரண்டாவது காரணம் பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கிக் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த கோயில். வெளியே கொச்சிக்கடை வெயில். உள்ளே நாலு எட்டு வைத்தால் கண் தெரியாது. தூணைத் தடவிக்கொண்டு நிற்போம். மெல்ல மெல்லத் தூரத்து எண்ணெய் விளக்கு ஒன்று தெரியும், பிறகு அதன் பின்னால் இருப்பது தெரியும். கண்ணைக் காக்கவைத்துக் காட்டத் தெரிந்த சிற்பிகள் அவர்கள். கண்காட்சி அமைப்பதில் எனக்குக் குரு யாரென்று கேட்டால், பட்டம் படிப்பித்தவர்களுக்கு முன்னால் அவர்களைச் சொல்வேன்.

கோட்டை செத்தம் தெரு மணிக்கூட்டுக் கோபுரமும் எனக்குப் பாடம் சொல்லியது. 1867 தொடக்கம் அதுவே கொழும்பின் வெளிச்சவீடு. சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிக் கடலுக்கு வெளிச்சம் தெரியாமல் மறைத்துவிட்டதால் 1952இல் விளக்கை நிறுத்தினார்கள். விளக்கில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் வந்து நின்றவை அப்படி. ஆகவேதான் ரயில் படத்துக்குப் பக்கத்தில் எதையும் மாட்டவில்லை. அந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறதே, இடம் வீணாகிறதே என்று கமிட்டியில் கேட்டார்கள். வெறுமையாகவே இருக்கட்டும்.

பிள்ளைகளே, வெளிச்சத்தோடு விளையாடிய ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு லயனல் வென்ட் என்றால் நாடகம் போடும் மண்டபம். அவர் 1944இல் இறந்துபோன புகைப்படக்காரர். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர். நெகட்டிவிலிருந்து படம் கழுவும்போது இருட்டறைக்குள் வெளிச்சம் புகுந்தால் படம் கெட்டது என்பார்கள். அவர் வேண்டுமென்றே ஒரு நொடி வெளிச்சம் விட்டுப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி, உருவத்தின் ஓரத்தில் ஒரு கோடு ஓடும். 1943இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் போன்ற ஓவியர்கள் '43 குழு' என்று ஒன்றுசேர்ந்ததற்குப் பின்னால் நின்றவரும் அவர்தான். அதற்கு ஐந்து வருடம் முந்தி, 1938இல், யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஆட் கிளப்பைத் தொடங்கினார். கொழும்பில் சித்திரம் பற்றிப் பேசுகிற மேடைகளில் அந்தப் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். அ. மாற்கு மாஸ்ரர் பின்னாளில் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே சித்திரம் சொல்லிக்கொடுத்தார். 1995 இடப்பெயர்வோடு அவருடைய படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. படங்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நான் இவ்வளவு அலட்டிக்கொள்வது ஏனென்று இப்போது விளங்கும்.

சரி, நேரமாகிறது, அவைத்தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். உள்ளே போகும்போது வாசல் திரைக்கு அந்தப்பக்கம் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், கண் பழகட்டும். ஃபோன் லைற்றைப் போடாதீர்கள்; போட்டால் வாங்கி வைக்க வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்தியிருக்கிறேன், அவள் பொல்லாதவள். மெழுகு சுரண்டும் கை கடைசி மூலையில், தாழ்வாக இருக்கிறது. வரைந்த பிள்ளையின் உயரத்துக்கு மாட்டியிருக்கிறேன், பெரியவர்கள் கொஞ்சம் குனியவேண்டும். தம்பி, அந்த ரியூப் லைற்றுகளை நிற்பாட்டுங்கோ.