ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

கேக் செய்யலாம் என்று உட்கார்ந்தால் முதல் குழப்பம் அளவில்தான் வருகிறது. அமெரிக்கக் குறிப்புகள் கப் கணக்கில் இருக்கும்; ஐரோப்பியக் குறிப்புகள் கிராம் கணக்கில் இருக்கும். "ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?" என்று பலரும் கேட்கிறார்கள். எதில் ஒரு கப் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

240 மில்லி பிடிக்கும் கப்பில் தண்ணீர் ஊற்றினால் 240 கிராம். அதே கப்பில் மைதா சுமார் 125 கிராம்தான். சர்க்கரை 200, வெண்ணெய் 227, தேன் 340 கிராம் வரை வரும். ஆகவே மில்லியும் கிராமும் ஒன்று என்ற கணக்கு தண்ணீரோடு சரி.

கப்பும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் 250 மில்லி, ஜப்பானில் 200 மில்லி. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. மற்ற பல நாடுகளில் 15. உங்கள் கப் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாவிட்டால், தண்ணீர் நிரப்பித் தராசில் வையுங்கள். காட்டும் கிராம்தான் அதன் மில்லி.

இதில் அதிகம் ஏமாற்றுவது மைதா. கப்பை நேராக டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அழுந்தி 150 கிராம்கூட ஏறிவிடும். கரண்டியால் அள்ளி உதிரியாகப் போட்டு, கத்தி முதுகால் தலைதட்டினால் 125-க்குள் நிற்கும். மூன்று கப் கேட்கும் கேக்கில் 75 கிராம் வித்தியாசம் என்றால், கேக் வறண்டு மேலே வெடிக்கத்தான் செய்யும். 1896-இல் வெளிவந்த தன் பாஸ்டன் சமையல் நூலில், அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர் தலைதட்டிய அளவை வலியுறுத்தினார்.

இட்லிக்கு டம்ளரில்தானே அளக்கிறோம், அது கெடுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே டம்ளர். டம்ளர் பெரிதானாலும் விகிதம் மாறாது. தண்ணீரையும் மாவின் பதம் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம். கேக்கில் முட்டை எண்ணிக்கையில் வருகிறது, வெண்ணெய் பொட்டலமாக வருகிறது. கப் மாறினால் மைதாவும் சர்க்கரையும் மட்டும் மாறும். ஓவனுக்குள் போன பிறகு திருத்தவும் முடியாது.

வெண்ணெயிலும் ஒரு கவனம் வேண்டும். அமெரிக்கக் குறிப்பில் வரும் ஒரு ஸ்டிக் 113 கிராம். நம் கடைகளில் கிடைக்கும் 100 கிராம் பொட்டலத்தை அப்படியே போட்டால் 13 கிராம் குறையும்.

சமையலறைக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். கிண்ணத்தை வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, மைதாவைக் கொட்டுங்கள்; மறுபடி பூஜ்யமாக்கிச் சர்க்கரையைக் கொட்டுங்கள். கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும். ஆனால் பேக்கிங் பவுடர், சமையல் சோடா, உப்பு மூன்றுக்கும் அளவுக்கரண்டியே நல்லது. வீட்டுத் தராசு பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. நாலைந்து கிராமில் ஒரு கிராம் பிசகினால் சுவையே மாறிவிடும்.

உங்களுக்குப் பிடித்த குறிப்பை ஒருமுறை கிராமுக்கு மாற்றிச் செய்து பாருங்கள். நன்றாக வந்தால் அந்த எண்களைக் குறிப்பின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை வீட்டில் யார் செய்தாலும் அதே கேக் வரும்.