இடித்தது சரி, பாக்கி வைத்தது தவறு

இன்று பட்டம் பெறும் கட்டடக்கலை, நகரமைப்பு, சிவில் பொறியியல் மாணவச் செல்வங்களே,

கட்டுவதற்குப் படித்தவர்கள் நீங்கள். உங்கள் முன் ஓர் இடிப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் ஊர்களில் இன்னும் மேம்பாலம் எழுப்பும் காலம்தான் நடக்கிறது. எழுப்பி முடித்த நகரங்கள் சில, அவற்றை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பல ஆண்டுகள் வாதாடியிருக்கின்றன. அந்த வாதங்களில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது சான்பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ சாலை.

அந்த நகரின் கரையோரத்தில் ஃபெர்ரி பில்டிங் என்ற படகுத்துறைக் கட்டடம் 1898-இல் திறக்கப்பட்டது. விரிகுடாவின் அக்கரையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அதன் மணிக்கூண்டைப் பார்த்தபடிதான் நகருக்குள் நுழைந்தார்கள். 1936-இல் பே பாலமும் 1937-இல் கோல்டன் கேட் பாலமும் வந்தன. படகுக் கூட்டம் குறைந்தது. அந்த இரண்டு பாலங்களையும் இணைப்பதற்காக, இதே கட்டடத்தின் முகத்துக்கு நேரே எம்பார்கடேரோ என்ற ஈரடுக்குக் கான்கிரீட் மேம்பாலச் சாலை எழுந்து 1959-இல் திறக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பால், நகருக்குத் திட்டமிட்டிருந்த பத்து விரைவுச்சாலைகளில் ஏழை நகர மன்றம் அதே ஆண்டில் நிராகரித்தது. அதனால் இந்தச் சாலை பிராட்வே தெருவோடு நின்றுபோனது. கோல்டன் கேட்டை அது கடைசிவரை எட்டவில்லை. நகரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் மட்டும் முப்பது ஆண்டுகள் நின்றது.

அதை அகற்றலாம் என்று 1985-இல் நகர மன்றம் முடிவெடுத்தது. 1986-இல் அது வாக்கெடுப்புக்குப் போனபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். அந்தத் தீர்ப்பை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். பல்லாயிரம் பேர் தினமும் அதன்மேல் வண்டி ஓட்டினார்கள். கையில் இருக்கும் சாலையை விட்டுவிட்டு, காகிதத்தில் இருக்கும் பூங்காவை நம்பச் சொன்னால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள்.

1989 அக்டோபர் 17 அன்று மாலை, 6.9 அளவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அக்கரையில் ஓக்லாந்தில் இருந்த சைப்ரஸ் என்ற ஈரடுக்குச் சாலையின் மேல்தளம் கீழ்த்தளத்தின்மீது சரிந்து 42 பேர் மாண்டார்கள். எம்பார்கடேரோ விழவில்லை, ஆனால் சேதமடைந்து மூடப்பட்டது. நகரம் கேட்டுப் பெறாத ஒரு சோதனை அன்று தொடங்கியது. சாலை இல்லாமல் நகரம் இயங்குமா? வண்டிகள் தரைத்தெருக்களில் பரவின. விரிகுடாவுக்கு அடியில் ஓடும் பார்ட் ரயிலுக்குப் பலர் மாறினார்கள். எல்லோரும் அஞ்சிய நிரந்தர முடக்கம் வரவில்லை. பல வருட விவாதத்தில் எந்த வரைபடமும் காட்டாததை மூடிய சாலை சில மாதங்களில் காட்டியது.

மேயர் ஆர்ட் அக்னோஸ் இடித்துவிடலாம் என்றார். சீனர்கள் வாழும் பேட்டையான சைனா டவுன் எதிர்த்தது. இங்கேதான் நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். பிராட்வேயில் இருந்த இறக்கம் சைனா டவுனின் வாசல். அந்தப் பேட்டையிலிருந்து புறநகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் காய்கறிக்கும் மீனுக்கும் விருந்துக்கும் அந்த வழியாகத்தான் வந்தன. இறக்கம் மூடியதும் வியாபாரம் படுத்தது. ரோஸ் பாக் என்ற பெண்மணி அந்த வணிகர்களின் குரலாக நின்றார். அவர்கள் அழகான கரையோரத்தின் எதிரிகள் அல்லர். மற்றவர்கள் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்கள் கல்லாப்பெட்டியைப் பற்றிப் பேசினார்கள். அது சின்ன விஷயம் என்று நினைக்கும் பொறியாளர், வாடகைக் கடையில் பிழைப்பு நடத்தும் ஒருவரோடு அரைமணி நேரம் பேசிப் பார்க்க வேண்டும்.

1990-இல் நகர மன்றம் ஆறுக்கு ஐந்து என்ற ஓட்டுக்கணக்கில் இடிப்புக்கு இசைந்தது. 1991-இல் இயந்திரங்கள் வந்தன. அதே ஆண்டு நடந்த தேர்தலில் அக்னோஸ் தோற்றார். சைனா டவுனின் ஆதரவை இழந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். மேம்பாலம் நின்ற இடத்தில் பனை வகை மரங்கள் வரிசைகட்டிய அகலச் சாலை வந்தது. 2000-இல் அதன் நடுவே பழைய டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஃபெர்ரி பில்டிங் புதுப்பிக்கப்பட்டு 2003-இல் சந்தையாகத் திறந்தது. இடித்தது சரியான முடிவு. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் வெற்றிக்கதையாகச் சொல்பவர்கள் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். இழந்த வழிக்கு ஈடாகச் சைனா டவுன் தலைவர்கள் போராடிக் கேட்டது சுரங்க ரயில். சைனா டவுனில் அதன் நிலையம் திறந்தது 2022 நவம்பரில். இடிப்பு தொடங்கியபோது நாற்பது வயதில் கடை நடத்தியவருக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். நிலையத்துக்கு ரோஸ் பாக்கின் பெயரை வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 2016-லேயே மறைந்துவிட்டார்.

கரையோரம் கிடைத்தவர்களுக்கு ஒரு தசாப்தத்தில் கிடைத்தது. வழி இழந்தவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்தக் கணக்கு எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்த வேண்டும் என்று விரும்புகிறேன்.

வேலையும் அங்கே முடிந்துவிடவில்லை. அந்தக் கரையோரம் விரிகுடாவைத் தூர்த்து எடுத்த நிலம். நூறாண்டு கடந்த கடற்சுவர் ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது. அடுத்த நிலநடுக்கத்துக்கும் உயரும் கடலுக்கும் அஞ்சி, அதைப் பலப்படுத்தும் முதல் கட்டப் பணிக்காக 425 மில்லியன் டாலர் கடன்பத்திரத்துக்கு 2018-இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள்.

அன்புக்குரிய பட்டதாரிகளே, நாளை நீங்கள் திட்டம் தீட்டுபவர்களின் மேசையில் உட்காருவீர்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் கடை என்னாகும், என் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பார். அவரை வளர்ச்சிக்கு எதிரி என்று குறித்துவைக்காதீர்கள். அவர் சொல்லும் இழப்பை அளந்து பாருங்கள். கட்டினாலும் இடித்தாலும், அவருக்கான மாற்று வழியை அதே திட்ட அறிக்கையில், அதே பட்ஜெட்டில், தேதி போட்டு எழுதுங்கள். அந்தத் தேதி இல்லாத வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.